இரண்டு வீணைகளை அருகருகே வைத்துக் கேட்பது எப்படி?

சிதம்பரத்திலோ கடலூரிலோ ஆசிரியர் வீட்டு வீணையில் கொஞ்ச காலம் பழகிவிட்டவர்களுக்குச் சொந்தமாக ஒரு வீணை வாங்கும் வேளை வரும். கையிலிருக்கும் பணத்துக்குள் ஒரு சாதா வீணை வாங்கினால் போதுமா, இன்னும் சேர்த்து வைத்து ஏகாண்ட வீணையாகவே வாங்கிவிடலாமா என்று தடுமாறுவார்கள். கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். கடைக்காரர் ஏகாண்டத்தைக் காட்டுவார், பக்கத்து வீட்டு மாமி தன் ஒட்டு வீணை முப்பது வருடமாகப் பேசுகிறது என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். உங்கள் காதைக் கொண்டே முடிவெடுக்க இந்த அத்தியாயம் வழி சொல்கிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடையில் இரண்டு வீணைகளுக்கு நடுவே நாம் கேட்கிற வித்தியாசத்தில் பெரும்பங்கு தந்தியாலும் குதிரையாலும் மேளத்தாலும் வருவது. அவற்றை இரண்டு வீணையிலும் ஒரே நிலைக்குக் கொண்டுவாருங்கள், பிறகு கேளுங்கள். அதற்குப் பிறகும் காதில் நிற்கிற வித்தியாசத்துக்கு மட்டும் கூடுதல் பணம் கொடுங்கள்.

வேறு நாட்டு வாத்தியக்காரர்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. அமெரிக்காவில் பேஞ்சோ வாங்குகிறவர்கள் இறக்குமதியான மலிவு பேஞ்சோவையும் கிப்சன் மாஸ்டர்டோன் போன்ற உயர்விலைப் பேஞ்சோவையும் வைத்துக்கொண்டு இதே கேள்வியைக் கேட்கிறார்கள். உயர்விலை வாத்தியத்தில் தோலுக்கு அடியில் கனத்த உலோக வளையம் உட்கார்ந்திருக்கும். அதன் பலன் காதுக்குத் தெரியும். ஆனால் தோலின் இறுக்கத்தைச் சரிசெய்து, நல்ல குதிரை வைத்து, புதுத் தந்தி கட்டினால் மலிவான பேஞ்சோவும் வெகுவாகத் தேறிவிடும் என்பதை அவர்களும் கண்டிருக்கிறார்கள். வீணையிலும் அப்படித்தான்.

எது சாதா, எது ஏகாண்டம்

குடம், தண்டி, யாளி முகம் ஆகிய மூன்றையும் தனித்தனியாகச் செதுக்கி ஒட்டியது சாதா வீணை. ஒட்டு வீணை என்றும் சொல்வார்கள். மூன்றையும் ஒரே மரத்துண்டில் குடைந்து எடுத்தது ஏகாண்ட வீணை. ஏகாந்த வீணை என்று சொல்கிறவர்களும் உண்டு. ஏகாண்டத்துக்குப் பெரிய, விரிசல் இல்லாத ஒற்றை மரம் வேண்டும், வேலையும் அதிகம். அதனால் விலை ஒன்றுக்கு இரண்டாகவும் அதற்கு மேலும் போகும்.

இரண்டிலும் வாசிப்புத் தந்தி நான்கு: சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம். பக்கத்தில் தாளத் தந்தி மூன்று. மெட்டு இருபத்து நான்கு. கரி கலந்த மெழுகில் இந்த மெட்டுகளைப் பதித்துச் சுருதி சேர்ப்பதைத்தான் மேளம் கட்டுவது என்கிறோம். இதற்கு மேல் இலக்கணம் இப்போதைக்கு வேண்டாம்.

மரத்தைப் பார்ப்பது

தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013இல். அந்த வீணைக்கான பலா மரத்தில் நல்ல பங்கு நம் கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து போவது. மிருதங்கத்துக்கும் இதே பலாதான். பழத்துக்குப் பெயர்போன ஊர் வாத்திய மரத்துக்கும் பெயர்போனது என்பதை நம் மாவட்டத்துக்காரர்கள் கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல் பண்ருட்டி வட்டாரத்தில் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. வீணைக்கு வேண்டியது பல பத்தாண்டு நின்று வைரம் பாய்ந்த மரம். நட்ட மறுவருடம் அது வந்துவிடாது. நல்ல ஏகாண்டத்தின் விலை ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடையில் மரத்தை இந்த வரிசையில் பாருங்கள்.

1. வீணையைச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் பாலிஷ் மட்டும்தான் தெரியும்.
2. குடத்தின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முதிர்ந்த பலாவின் வைரம் மஞ்சளில் தொடங்கி வருடம் போகப்போகப் பழுப்பாகும். வெளுத்த பட்டைகள் அதிகம் தெரிந்தால் இளமரம் கலந்திருக்கிறது. கரும்பழுப்புச் சாயம் கனமாகப் பூசியிருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.
3. குடமும் தண்டியும் சேரும் இடத்தில் விரல் நுனியை ஓட்டுங்கள். ஒட்டு வீணையில் கோடு தெரிவது தப்பில்லை. அங்கே மேடு பள்ளம் தட்டுப்பட்டாலோ நகம் உள்ளே இறங்கினாலோ அந்த வீணையை விட்டுவிடுங்கள்.
4. யாளி சேரும் இடத்தையும் அப்படியே பாருங்கள். பிரடைகள் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. அங்கே ஆட்டம் இருந்தால் சுருதி நிற்காது.
5. குதிரை நிற்கும் மேல்பலகையைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்து பக்கவாட்டில் பாருங்கள். குதிரைக்கு அடியில் பலகை உள்வாங்கியிருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.
6. குடத்தை விரல் மூட்டால் மூன்று நான்கு இடங்களில் மெல்லத் தட்டுங்கள். ஓரிடத்தில் மட்டும் சத்தம் செத்துக் கேட்டால் அங்கே ஒட்டோ விரிசலோ மறைந்திருக்கலாம்.

ஏகாண்டம் என்று சொல்லி விற்கும் வீணையில் மரத்தின் ரேகை குடத்திலிருந்து தண்டிக்கு அறுபடாமல் ஓடவேண்டும். யாளியின் கழுத்திலும் அதே ரேகை தொடரவேண்டும். தொடராமல் நிற்கிற இடத்தில் ஒட்டு இருக்கிறது. குடமும் தண்டியும் ஒன்றாக இருந்து யாளி மட்டும் ஒட்டியிருந்தால் அது குறையில்லை, ஆனால் அதற்கு ஏகாண்டத்தின் விலையைக் கொடுக்கவேண்டாம்.

போகும்போது எடுத்துக்கொள்ள வேண்டியவை

சிதம்பரத்திலிருந்து மயிலாடுதுறை, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூருக்கு ரயிலிலேயே போய்விடலாம். காலையில் கிளம்புங்கள், மத்தியான வெயிலில் களைத்துப்போன காது நல்ல நாதத்தையும் சாதாரண நாதத்தையும் ஒன்றாகத்தான் கேட்கும். கையோடு எடுத்துப் போங்கள்:

- ஒரே கடையில் வாங்கிய, ஒரே கனமுள்ள சாரணித் தந்தி இரண்டு.
- சுருதிப் பெட்டி, அல்லது போனில் சுருதி ஆப். டியூனர் ஆப் ஒன்றும் இருக்கட்டும்.
- நீங்கள் வழக்கமாக உட்காரும் பாய்.
- பென்சில், தாள்.
- உங்கள் மீட்டு. நகத்தால் வாசிப்பவர் என்றால் நகத்தை முந்தின நாளே சீர்செய்துகொள்ளுங்கள்.
- உங்களைவிட நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவர்.

கடைசியில் எழுதியதுதான் முக்கியம். ஆசிரியரையே அழைத்துப்போக முடிந்தால் மிக நல்லது. சபேச ஐயர், டைகர் வரதாச்சாரியார் போன்றவர்கள் முதல்வர்களாக இருந்த இசைக் கல்லூரி அண்ணாமலை நகரில் இருப்பது நமக்கு ஒரு வசதி. அங்கே படிக்கிற, படித்து முடித்த வீணைக்காரர்கள் ஊரைச் சுற்றி இருக்கிறார்கள். முன்கூட்டியே கேட்டு, போகவரச் செலவையும் சாப்பாட்டையும் நீங்கள் ஏற்றுக்கொண்டால் ஒரு நாள் உடன் வருகிறவர் கிடைக்காமல் போகமாட்டார்.

இரண்டையும் சமநிலைக்குக் கொண்டுவருவது

இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். கடையில் விலை உயர்ந்த வீணைக்குப் புதுத் தந்தி கட்டி, மேளம் சரிபார்த்து, துடைத்து வைத்திருப்பார்கள். மலிவு வீணை மூலையில் உறை போட்டு, பழைய தந்தியோடு கிடக்கும். அப்படியே இரண்டையும் மீட்டிப் பார்த்தால் எது ஜெயிக்கும் என்று முன்பே தெரிந்த போட்டிதான். கீழே உள்ளபடி செய்யுங்கள். மணிக்கணக்கில் ஆகும் வேலை, அவசரப்படாதீர்கள்.

1. விற்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "ஐயா, இந்த ரெண்டையும் ஒரே மாதிரி தந்தி போட்டுக் கேட்டுப் பார்க்கணும். தந்தி நாங்களே கொண்டுவந்திருக்கோம். மாத்துற கூலி எவ்வளவோ வாங்கிக்கிடுங்க." நல்ல ஆசாரிகள் மறுப்பதில்லை. மறுத்தால் அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்தான்.
2. இரண்டிலும் புதுச் சாரணியைக் கட்டச் சொல்லுங்கள். மற்ற தந்திகளில் துரு, கறுப்பு, நெளிவு இருக்கிறதா என்று பாருங்கள். மந்தரமும் அனுமந்தரமும் ஒன்றில் புதிது, மற்றதில் பழையது என்றால் அவற்றின் ஒலியை வைத்துத் தீர்ப்புச் சொல்லவேண்டாம். எஃகுத் தந்தியில் உள்ளூர்க் கம்பியும் உண்டு, ஜெர்மனியின் ரோஸ்லாவ் கம்பியும் உண்டு. எதுவானாலும் இரண்டிலும் ஒன்றே இருக்கட்டும்.
3. இரண்டையும் ஒரே சுருதியில் சேருங்கள். அரைக் கட்டை ஏற்றி வைத்த வீணை எப்போதும் கணீரென்று கேட்டு நம்மை ஏமாற்றும். உங்கள் ஆசிரியர் வைத்துக்கொள்ளும் சுருதியிலேயே வையுங்கள்.
4. புதுத் தந்தி இழுபடும். மெல்லக் கையால் இழுத்துவிட்டு மறுபடி சேருங்கள். சுருதி நிற்கும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். நுட்பமான சுருதியைக் குடத்துப் பக்கம் இருக்கும் லங்கரில் சரிசெய்யலாம்.
5. குதிரையைப் பாருங்கள். அதன் மேலுள்ள உலோகத் தகட்டில் மிக இலேசான வளைவு இருக்கவேண்டும். தந்தி அதில் வருடம் முழுக்க உரசிப் பள்ளம் போட்டிருந்தால் ஒலி அடைத்துக்கொண்டு வரும். சி.வி. ராமன் 1921இல் வீணை, தம்பூரா போன்ற நம் வாத்தியங்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதைத்தான் எடுத்துக்காட்டினார்: அதிரும் தந்தி வளைந்த தகட்டைத் தொட்டுத் தொட்டு விலகுவதால்தான் ஸ்வயம்பு சுரங்கள் அவ்வளவு செழிப்பாக எழுகின்றன. பள்ளம் விழுந்த தகட்டைத் தேய்த்துச் சரிசெய்யச் சொல்லலாம், சிறிய வேலைதான். அதைச் செய்த பிறகு, செத்துக் கிடந்த வீணை வாய்திறந்து பேசுவதை நீங்களே கேட்பீர்கள்.
6. மேளத்தைச் சோதியுங்கள். சாரணியைத் திறந்து மீட்டுங்கள், பிறகு பன்னிரண்டாவது மெட்டில் பிடித்து மீட்டுங்கள். திறந்த ஷட்ஜமும் மேல் ஷட்ஜமும் பிசிறில்லாமல் சேரவேண்டும். இருபத்து நான்காவது மெட்டில் அடுத்த ஷட்ஜம். இந்த இரண்டும் சேர்ந்தால் நடுவில் இருப்பதை ஒவ்வொன்றாக டியூனரில் பாருங்கள்.
7. ஒவ்வொரு மெட்டிலும் நான்கு தந்திகளையும் பிடித்து மீட்டி, எங்கே கிர்ரென்று தட்டுகிறது என்று தாளில் குறியுங்கள். ஒன்றிரண்டு மெட்டு தட்டுவது மெழுகு வேலையில் போய்விடும். ஒரு பகுதி முழுக்கத் தட்டினால் தண்டி வளைந்திருக்கலாம்.
8. இரண்டு வீணையையும் நீங்கள் கொண்டுபோன பாயின் மேலேயே வைத்து வாசியுங்கள். குடம் கிரானைட் தரையில் நேரடியாக உட்கார்ந்தால் ஒலி பெரிதாகும்.
9. மின்விசிறியை நிறுத்துங்கள். பிக்கப், மைக், ஸ்பீக்கர் எதுவும் வேண்டாம். எதிரொலி சேர்த்துக் காட்டுகிற ஆம்ப்ளிஃபையர் எல்லா வீணையையும் கோயில் மண்டபத்தில் வாசிப்பதாகக் காட்டும்.

*குறிப்பு:* பிரடை வழுக்கினால் கொஞ்சம் சாக்கட்டித் தூள் போதும். இறுகிப்போய்த் திரும்பாவிட்டால் காய்ந்த சோப்பை இலேசாகத் தேய்க்கலாம். இவை கையால் தீரும் குறைகள். இவற்றுக்காக ஒரு வீணையை ஒதுக்கவேண்டாம்.

கேட்கும் வரிசை

இனி உங்கள் வேலை கேட்பது மட்டும். உடன் வந்தவர் வாசிக்கட்டும். நீங்கள் குடத்துக்கு எதிரே ஆறேழு அடி தள்ளி உட்காருங்கள். வாசிப்பவரின் காதுக்குக் கேட்பதும் எதிரே இருப்பவருக்குக் கேட்பதும் வேறு. பின்னால் இடம் மாறி நீங்களும் வாசித்துப் பாருங்கள்.

*முதல் சோதனை: கார்வை.* சாரணியைத் திறந்து ஒரே ஒரு மீட்டு. ஒலி அடங்கும்வரை யாரும் பேசக்கூடாது. ஆதி தாளத்தை ஒரே காலத்தில் போட்டு எத்தனை அட்சரம் நிற்கிறது என்று எண்ணுங்கள். எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதோடு, எப்படி அடங்குகிறது என்பதையும் கவனியுங்கள். நல்ல வீணையில் மீட்டொலி போன பிறகு ஒரு நாதம் மேலெழும்பி, நிதானமாக இறங்கும். மலிவான வீணைகள் பலவற்றில் மீட்டொலி பெரிதாக வந்து, அதன் பின்னால் வருவது மெலிந்துவிடும். ஆறாவது, ஏழாவது மெட்டிலும், மேல் ஸ்தாயியில் இருபதாவது மெட்டுக்குப் பக்கத்திலும் இதையே செய்யுங்கள். வித்தியாசம் மேல் ஸ்தாயியில்தான் அதிகம் வெளிப்படும். அங்கே மரத்தட்டொலி மட்டும் கேட்டு சுரம் கேட்காமல் போகிற வீணைகள் உண்டு.

*இரண்டாவது: அனுமந்தரம்.* அதைத் திறந்து மீட்டுங்கள். சத்தம் பெரிதாக இருக்கவேண்டும் என்பதில்லை. பஞ்சமம் என்று காது உடனே அடையாளம் காணவேண்டும். குடம் சிறியதாகவோ மேல்பலகை தடியாகவோ இருந்தால் தடித்த தந்திகள் தொம்மென்று அதிர்ந்து சுரம் சொல்லாமல் நிற்கும். தந்தியை மாற்றியும் இது திருந்தாவிட்டால் குறை வீணையின் உடம்பில் இருக்கிறது. கூடுதல் பணம் எங்கே போகிறது என்பதை மிகத் தெளிவாகக் காட்டும் சோதனை இது.

*மூன்றாவது: செத்த சுரம்.* சாரணியில் ஒவ்வொரு மெட்டாக, ஒரே பலத்தில் மீட்டிக்கொண்டு மேலே போகச் சொல்லுங்கள். நடுவில் ஒரு சுரம் மட்டும் சட்டென்று அடங்கிவிடும், அல்லது ஒன்று மட்டும் முட்டிக்கொண்டு பெரிதாகக் கேட்கும். எந்த மெட்டு என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். உங்கள் பாடத்தில் அடிக்கடி நிற்கவேண்டிய சுரத்தில், உதாரணமாகப் பஞ்சமத்தில், அது விழுந்தால் தினமும் உறுத்தும்.

*நான்காவது: இழுப்பு.* வீணை நம் சங்கீதத்துக்கு ஏற்றதா என்று காட்டுவது இதுதான். ஒரு மெட்டில் விரலை வைத்து, தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, இரண்டு சுரம், முடிந்தால் மூன்று சுரம் மேலே போய்த் திரும்பச் சொல்லுங்கள். தோடியோ பைரவியோ தெரிந்தவர் என்றால் இரண்டு பிடி வாசிக்கட்டும். மூன்று விஷயங்களைக் கவனிக்கவேண்டும். இழுக்கும்போது ஒலி நடுவில் அறுகிறதா? மெட்டின் தலை சமமில்லாதபோதும் தந்தி மெழுகின் ஓரத்தைத் தொடும்போதும் இப்படி அறும். ஒரே மீட்டில் கமகம் முழுக்க வந்து முடிகிறதா, பாதியிலேயே இன்னொரு மீட்டு தேவைப்படுகிறதா? இழுத்து முடித்த பிறகு திறந்த சாரணி அதே சுருதியில் நிற்கிறதா? மூன்று நான்கு முறை பலமாக இழுத்தும் சுருதி இறங்கிக்கொண்டே போனால் பிரடையைப் பாருங்கள். பிரடை நன்றாக இருந்தால் ஒட்டில் ஆட்டம் இருக்கிறது.

இங்கே சாதா வீணைக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி. மேளம் நன்றாகக் கட்டிய, ஒட்டு உறுதியான சாதா வீணை இந்தச் சோதனையில் ஏகாண்டத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். கமகம் அறுபடாமல் வருவதற்கு முதலில் வேண்டியது மெட்டு வேலை. மரத்தின் பங்கு அதற்குப் பின்னால்தான்.

*ஐந்தாவது: தாளத் தந்தி.* சுண்டுவிரலால் மூன்றையும் தட்டியபடி ஒரு வர்ணத்தின் முதல் வரியை வாசிக்கச் சொல்லுங்கள். தாளத் தந்தியின் சத்தம் வாசிப்பை மூடுகிறதா என்று மட்டும் பாருங்கள். பக்கக் குதிரையைக் கொஞ்சம் நகர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

திரும்பி உட்கார்ந்து கேட்பது

விலை தெரிந்த கண் காதைத் தன் பக்கம் இழுத்துவிடும். செதுக்கு வேலை நிறைந்த யாளி முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டால் நாதமும் இனிமையாகத்தான் கேட்கும்.

1. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காருங்கள்.
2. வாசிப்பவர் இரண்டு வீணையையும் தன் விருப்பப்படி மாற்றி மாற்றி எடுக்கட்டும். சில முறை ஒரே வீணையையே அடுத்தடுத்து வாசிக்கட்டும். எது என்று சொல்லக்கூடாது. தன் தாளில் மட்டும் குறித்துக்கொள்ளட்டும்.
3. ஒவ்வொரு முறையும் அதே ஐந்தாறு சுர வரிசை, அதே வேகம், அதே பலம்.
4. நீங்கள் உங்கள் தாளில் 'நீளம்', 'கனம்', 'தெளிவு' என்று மூன்று பத்தி போட்டு எழுதுங்கள். 'பிடித்தது' என்ற பத்தியைக் கடைசியில் நிரப்புங்கள்.
5. இரண்டு தாளையும் ஒப்பிடுங்கள். ஒரே வீணையை அடுத்தடுத்து வாசித்தபோது நீங்கள் வேறு வேறு மதிப்புப் போட்டிருந்தால், அவ்வளவு சிறிய வித்தியாசத்தை நம்பிப் பணத்தைக் கொட்டவேண்டாம்.

போனில் பதிவு செய்துகொள்வது நல்லதுதான். ஆனால் போன் அதன் போக்கில் சத்தத்தை ஏற்றி இறக்கிச் சமப்படுத்திவிடும். கார்வையின் கடைசிப் பகுதி அதில் சரியாக விழாது. ஊருக்குத் திரும்பி ஆசிரியரிடம் போட்டுக் காட்ட அது உதவும், முடிவெடுக்க உதவாது.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

சத்தம் பெரிதாக வருவதே நல்ல நாதம் என்று எடுத்துக்கொள்வது முதல் தவறு. வீட்டில் சாதகம் செய்பவருக்கு மண்டபத்தை நிரப்பும் சத்தம் தேவையில்லை. மேடையில் எப்படியும் மைக் வைக்கிறோம்.

கடைசியாகக் கேட்டது மனதில் நிற்பது இயல்பு. விற்பவர்கள் விலை உயர்ந்ததைக் கடைசியில் வாசித்துக் காட்டுவார்கள். வரிசையை மாற்றிக் கேளுங்கள்.

பழைய வீணை என்றாலே நல்ல வீணை என்று நம்பி, விரிசலை மெழுகு வைத்து அடைத்ததைக் கவனிக்காமல் வாங்குகிறார்கள். பழைய வீணையின் மரம் ஆறியிருக்கும், உண்மைதான். குடத்தின் உள்ளே டார்ச் அடித்துப் பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

வேலைப்பாட்டுக்கும் நாதத்துக்கும் தொடர்பு இல்லை. குடத்தில் தாமரையும் லட்சுமியும் செதுக்கியதற்குப் பணம் கொடுப்பது உங்கள் விருப்பம். ஆனால் அந்தத் தொகையைத் தனியாகச் சொல்லச் சொல்லுங்கள். "செதுக்கு வேலை இல்லாம இதே மரத்துல, இதே குட அளவுல என்ன விலை ஆகும் ஐயா?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியில் விலை எதற்கு என்பது பாதி புரிந்துவிடும்.

எதை வாங்குவது

முதல் ஐந்தாறு வருடம் கற்கப்போகிறவருக்கு என் கருத்து இது: மேளம் சுத்தமாகக் கட்டிய, முதிர்ந்த பலாவில் செய்த சாதா வீணையை வாங்குங்கள். மிச்சப் பணத்தில் ஒரு பங்கை வருடத்துக்கொரு முறை மேளம் சரிபார்க்கவும் தந்தி மாற்றவும் ஒதுக்குங்கள். மேளம் கெட்ட ஏகாண்டத்தில் கற்கும் குழந்தையின் காதில் தப்பான காந்தாரம் பதிந்துவிடும். பின்னால் அதை எடுப்பது கடினம்.

திரும்பி உட்கார்ந்து கேட்ட சோதனையில், எது என்று தெரியாமலே ஏகாண்டத்தின் அனுமந்தரத்தையும் மேல் ஸ்தாயிக் கார்வையையும் ஒவ்வொரு முறையும் நீங்கள் தேர்ந்தெடுத்திருந்தால், உங்கள் காது அந்த இடத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். அப்போது வாங்குங்கள். அந்த வித்தியாசம் உண்மையானது. ராகம் பாடிக்கொண்டே வாசிக்கும்போது அது தினமும் கைகொடுக்கும்.

பாதுகாப்பு

*தந்தி.* ஏற்றும்போது முகத்தைத் தந்திக்கு நேரே வைக்காதீர்கள். எஃகுத் தந்தி அறுந்தால் முதலில் பாய்வது கண்ணை நோக்கித்தான். கண்ணாடி போடுகிறவர்கள் கழற்றாதீர்கள். குழந்தைகளைத் தள்ளி உட்காரவையுங்கள். வெட்டிய துண்டுகளை அப்போதே பொறுக்கி ஒரு டப்பாவில் போடுங்கள். பாயில் கிடக்கும் துண்டு காலில் ஏறும்.

*மெழுகு.* மெட்டை நகர்த்த வீட்டிலேயே மெழுகைச் சூடாக்க முயலாதீர்கள். கையில் ஒட்டினால் தோலோடு வரும்; மேளமும் கெடும். மெட்டு வேலை தெரிந்தவரிடமே விடுங்கள்.

*யானைத் தந்தம்.* பழைய வீணைகள் சிலவற்றில் தந்தத்தாலும் மான்கொம்பாலும் அலங்காரம் இருக்கும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை இவை. விற்பவர் எவ்வளவு உறுதி சொன்னாலும் வாங்காதீர்கள். வெள்ளை நிறப் பிளாஸ்டிக் அலங்காரமா என்று தெரிந்துகொண்ட பிறகே பேரத்தில் இறங்குங்கள்.

*தூக்குவது.* ஒரு கை குடத்துக்கு அடியில், இன்னொரு கை தண்டியின் நடுவில். தண்டிக்கு அடியில் இருக்கும் சுரைக்காயைப் பிடித்தோ யாளியைப் பிடித்தோ தூக்கக் கூடாது.

*கொண்டுவருவது.* எல்லாத் தந்தியையும் ஒன்றிரண்டு சுரம் இறக்கிவிடுங்கள். முழுக்கத் தளர்த்தினால் குதிரை நகர்ந்துவிடும். சுரைக்காயைக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்றுங்கள். குதிரைக்கு இரண்டு பக்கமும் துணி அடைத்து உறை போடுங்கள். ரயிலில் மேல் தட்டில் வைக்காதீர்கள். கூட்டம் இல்லாத வண்டியில், கீழ் இருக்கையில், உங்கள் பக்கத்தில் இருக்கட்டும். காரில் வந்தால் வழியில் சாப்பிட இறங்கும்போது வீணையையும் இறக்குங்கள். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் மெழுகு இளகி மெட்டுகள் சாய்ந்துவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு

கடலூரில் கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் உப்புக்காற்றை மனதில் வையுங்கள். சாதகம் முடிந்ததும் தந்திகளைக் காய்ந்த துணியால் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைக்கவேண்டும். இடது கை விரலுக்கு எண்ணெய் தொட்டு வாசிக்கிறவர்கள் அந்த எண்ணெய் மெட்டில் படிய விடாதீர்கள். தூசு சேர்ந்து கறுக்கும். வெளிச்சுவரை ஒட்டி நிறுத்தாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தச் சுவர் ஈரம் குடித்திருக்கும். உள்சுவர்ப் பக்கம், தரையிலிருந்து உயர்த்தி, பருத்தி உறை போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும்.

வாங்கிய வீணை தஞ்சாவூரின் காற்றுக்குப் பழகியது. நம் ஊர்க் காற்றுக்குப் பழகச் சில வாரம் ஆகும். அதுவரை தினமும் சுருதி இறங்கினால் பயப்படவேண்டாம். முதல் மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் பன்னிரண்டாவது மெட்டுச் சோதனையை மறுபடி செய்யுங்கள். சேராவிட்டால், அந்த மாதமே மேள வேலைக்கு நாள் கேட்டுவிடுங்கள். முதல் மேள வேலையை இலவசமாகச் செய்து தரும்படி வாங்கும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.